ஊர் சொன்ன சாட்சி

"அவளைப் புள்ளைங்க இருக்கிற எடத்துல சேர்க்காதீங்கம்மா. சட்டுனு கை நீட்டிடுவா."

வீரம்மாள் இப்படிப் போட்டு உடைத்ததும் லூர்துமேரிக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அது அம்பத்தெட்டாம் வருஷம். திண்டிவனத்தில் தாய் தகப்பன் இல்லாத குழந்தைகளுக்கான விடுதி ஒன்றை லூர்துமேரி பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஓர் ஆயா தேவைப்பட்டது. விழுப்புரத்தை அடுத்த காணைக்குப் பக்கத்து ஊரிலிருந்து சின்னபொண்ணு என்று ஒருத்தி வேலை கேட்டு வந்து நின்றாள். புருஷன் செத்துப்போய்விட்டான், சொந்தம் என்று யாரும் கிடையாது, மழை பெய்தால் ஒண்ட இடமில்லை என்றாள். பேசிக்கொண்டிருக்கும்போதே, யாரிடமும் ஒட்டாத ஒரு பொடிசு வந்து அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

லூர்துமேரிக்கும் அவளைப் பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் உடனே சேர்த்துக்கொள்ளவில்லை.

முன்பு ஒரு பெரிய மனிதர் கொடுத்த நற்சாட்சிப் பத்திரத்தை நம்பி ஒருத்தியைச் சேர்த்தாள். அந்தப் புண்ணியவதி, அழுத குழந்தைக்குச் சூடு வைத்துவிட்டாள். அந்தத் தழும்பைப் பார்க்கிறபோதெல்லாம் லூர்துமேரிக்கு வயிறு எரியும். அதிலிருந்து எந்தப் பத்திரத்தையும் அவள் நம்புவதில்லை. வேலைக்கு வருகிறவள் வாழ்ந்த ஊருக்கே போவாள், நாலு பேரிடம் கேட்பாள், அப்புறம்தான் சேர்ப்பாள். என் கண்ணை ஏமாற்றிவிட்டு ஒரு கெட்டவள் உள்ளே வந்துவிடட்டும், பார்க்கலாம் என்று சொல்லிக்கொள்வதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அப்படித்தான் விழுப்புரத்தில் பஸ் மாறி, காணையில் இறங்கி, வெயிலில் நடந்து இந்த ஊருக்கு வந்திருந்தாள்.

முதலில் டீக்கடை கண்ணையனிடம் கேட்டாள். சின்னபொண்ணு பேரைக் கேட்டதும் மனுஷனுக்கு வாயெல்லாம் பல். எதுக்கும்மா விசாரிக்கிறீங்க என்றார். திண்டிவனத்தில் ஆயா வேலை என்றதும் அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அவள் ஒரு தூங்குமூஞ்சி, பக்கத்தில் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள் என்று சொல்லிவிட்டு, டீ ஆற்றுவதில் மும்முரமாகிவிட்டார்.

அடுத்தது ஓட்டு வீட்டுக் கிருஷ்ணவேணி. வேலை விஷயத்தைச் சொன்னதும் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். சின்னபொண்ணுக்குக் கை நீளம், ஒரு சாமானை வைத்துவிட்டு அந்தண்டை போக முடியாது என்றாள்.

கடைசியாகத்தான் இந்த வீரம்மாள். அவளும் இப்படிச் சொன்ன பிறகு இன்னும் யாரைப் போய்க் கேட்பது? அடிப்பாவி, அந்த முகத்துக்குள்ளா இத்தனையும் இருந்தது என்று லூர்துமேரிக்கு மனசு விட்டுப் போனது. இன்னொரு பக்கம், நல்லவேளை நேரில் வந்தோமே என்று தன்னைத்தானே மெச்சிக்கொள்ளவும் செய்தாள்.

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. மெதுவாக ஊருக்கு வெளியே கொல்லைக்காட்டு வழியே நடந்தாள்.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற சமயம். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் வரிசையாகக் குனிந்து செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வரப்போரத்துப் புங்கமரத்தில் பழைய புடவைகளில் கட்டிய ஏணைகள் தொங்கின. மரத்தடியில் ஒரே குழந்தைப் பட்டாளம். நடுவில் சின்னபொண்ணு.

மடியில் ஒன்று, முதுகில் ஒன்று. காலால் ஒரு ஏணையை ஆட்டிக்கொண்டே, எறும்புப் புற்றுப் பக்கம் தவழ்ந்துபோன இன்னொன்றை எட்டிப் பிடித்து இழுத்தாள். தூங்குமூஞ்சி என்றார்களே அவளை!

லூர்துமேரியைப் பார்த்ததும் சின்னபொண்ணு பதறிப்போய் எழுந்திருக்கப் பார்த்தாள். லூர்துமேரி அவளை உட்காரச் சொன்னாள். மடியிலிருந்த குழந்தையின் காலில் வெள்ளிக் கொலுசு, கழுத்தில் தங்க மணி. யார் வீட்டுக் குழந்தை என்று கேட்டாள்.

கிருஷ்ணவேணி அக்கா குழந்தை என்றாள் சின்னபொண்ணு. ஏணையில் தூங்குவது டீக்கடைக்காரர் பேத்தியாம்.

அந்த நேரம் பார்த்து ஒருத்தி ஓட்டமும் நடையுமாக வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. வேலைக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற லூர்துமேரியை அவள் கவனிக்கவில்லை. பால் குடிச்சிட்டான், பாத்துக்கடி என்று குழந்தையைச் சின்னபொண்ணு கையில் திணித்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் கொல்லையில் இறங்கினாள்.

வீரம்மாள்தான்.

லூர்துமேரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. குனிந்து சின்னபொண்ணின் தோளைத் தட்டினாள்.

"மல்லாட்டை பிடுங்கி முடியட்டும். முடிஞ்சதும் கிளம்பி வந்துடு. அந்த வேலை உனக்குத்தான்."

சின்னபொண்ணு கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

பேச்சு கொல்லைவரைக்கும் எட்டிவிட்டது. கையில் மண்ணோடு வீரம்மாள் மேலே ஓடி வந்தாள். அவ்வளவு தூரம் சொல்லியும் அவளையே கூப்பிடுறீங்களே என்று முறையிட்டாள்.

லூர்துமேரி, சின்னபொண்ணு காதில் விழாதபடி அவளைத் தள்ளி அழைத்துப் போனாள்.

"ஏம்மா, அடிக்கிறவ கையிலயா பெத்த புள்ளையைக் குடுத்துட்டுப் போற?"

வீரம்மாள் தலை குனிந்தாள். கையிலிருந்த மண்ணைப் புடவையில் துடைத்தாள். அப்புறம் என்ன தோன்றியதோ, நிமிர்ந்து நின்றாள். முகத்தில் வெட்கம் போய், பெருமை வந்து உட்கார்ந்திருந்தது.

"பின்ன எப்படிம்மா சொல்றது? இந்தச் சுத்துப்பட்டு ஊர்லயே அவளை மாதிரி ஒருத்தி கெடையாது. அதை வாய் விட்டுச் சொன்னா, நீங்க கூட்டிக்கினு போயிடுவீங்களே!"