விட்டுப்போன மனை

அப்பாவின் சொத்தைப் பிரித்து, கோர்ட்டில் கேஸையும் முடித்தாகிவிட்டது. அதன்பிறகு அவர் பேரில் இன்னொரு மனை இருப்பது தெரியவந்ததும் மூத்த மகனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"கேஸை மறுபடி தொறக்கணும் சார்."

"தொறந்தா, பிரிச்சதெல்லாமே மறுபடி பேச்சுக்கு வரும்" என்றார் வக்கீல். "முதல்ல இடத்தைப் போய்ப் பாருங்க."

"அதெல்லாம் அப்புறம். மனுவைப் போடுங்க!"

கோர்ட் மனுவை ஏற்றதுமே மனையைப் பார்க்க ஓடினான். அங்கே ஒரு வீடு நின்றது. கதவைத் தடதடவென்று தட்டினான்.

"யாரைக் கேட்டு இங்க வீடு கட்டினீங்க?"

கதவைத் திறந்த இளம்பெண் அவன் அப்பாவை அப்படியே உரித்து வைத்திருந்தாள்.

"வாங்கண்ணே! அப்பா சொத்துக் கேஸ் முடிஞ்சுபோச்சு, இனிமே பங்கு கேக்க முடியாதுன்னு சொன்னாங்க. நல்லவேளை, நீங்களே தொறந்துட்டீங்க!"