முருகையன் சார் எழுதினது

“இதுல பாதியை வெட்டித் தூக்கிப் போட்டுடலாம் சார்” என்றாள் தேவானை, திரையில் ஓடிய புரோகிராமைப் பார்த்தபடி.

எதிரே உட்கார்ந்திருந்த ஃபராஸின் முகம் சுருங்கியது. அடையாறில் அந்தச் சின்னக் கம்பெனியை நடத்துபவன் அவன். வீட்டில் தனியாக இருக்கும் நோயாளிகள் அவசரத்துக்கு அழுத்துகிற பட்டன் கருவியைச் செய்து விற்கிறார்கள். கருவிக்குள் எல்லாவற்றுக்கும் அடிப்படையாக ஓடும் கெர்னல் என்ற புரோகிராமையும், சிப்போடு பேசும் டிரைவர் புரோகிராம்களையும் கவனித்துக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருந்தான்.

“வெட்டறதா? நாங்க இதுல ஒரு கமாவைக்கூடத் தொட்டதில்லை!”

பக்கத்தில் இருந்த ஸ்நேஹா மெல்ல இருமினாள். ஆட்களை எடுக்கும் பொறுப்பு அவளுடையது. “தப்பா நினைக்காதீங்க தேவானை. குழந்தை பிறந்ததும் வேலையை விட்டீங்க. இப்போ அவ ஸ்கூலுக்கே போறா. நடுவுல எவ்வளவோ மாறிடுச்சு. வந்ததும் வராததுமா வெட்டணும்னு சொன்னா…”

தேவானைக்கு இது பழகிப்போன பேச்சு. ஏறி இறங்கிய எல்லா ஆபீஸிலும் இன்டர்வியூ நன்றாகத்தான் போகும், குழந்தையைப் பற்றிய பேச்சு வருகிறவரை.

“கருவியில என்ன தொந்தரவுன்னு சொல்லுங்க” என்று அவளே கேட்டாள்.

“பட்டனை ஒரு தடவை அழுத்துனா நர்ஸுக்கு மெசேஜ். ரெண்டு தடவை அழுத்துனா ஆம்புலன்ஸ்” என்றான் ஃபராஸ். “வேகமா ரெண்டு தடவை அழுத்துனா, சில சமயம் ஒண்ணுதான் பதிவாகுது. போன வாரம் கோட்டூர்ல ஒரு அம்மா ரெண்டு தடவை அழுத்தியும் மெசேஜ்தான் போச்சு. நல்லவேளை, நர்ஸ் சந்தேகப்பட்டு ஓடிப்போய்ப் பார்த்தாங்க. பட்டனை மாத்திட்டோம், ஒயரை மாத்திட்டோம். சரியாகலை.”

“புரோகிராமை?”

“அது சரியாத்தான் இருக்கும்.”

தேவானை நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

“பட்டனை அழுத்துனா சிப்பு ஒரு மணி அடிக்கும் சார். அதானே இன்டரப்ட்? இந்த டிரைவர் முதல்ல வேலையை முடிக்குது. அப்புறம்தான் ‘கேட்டாச்சு’ன்னு மணியை அழிக்குது. பழைய சிப்புக்கு அது சரி. கையை எடுக்கறவரைக்கும் அது அடிச்சுக்கிட்டே இருக்கும். நீங்க போட்டிருக்கற புதுச் சிப்பு ஒரு அழுத்தலுக்கு ஒரே தடவைதான் அடிக்கும். முதல் வேலை நடக்கும்போது ரெண்டாவது மணி வந்தா, அதையும் சேர்த்து அழிச்சுடுது. அதனால முதல்ல அழிக்கணும், அப்புறம்தான் வேலையைப் பார்க்கணும்.”

“சரி, பாதியை ஏன் வெட்டணும்?”

“சிப்போட கால் இருக்கே, அதான் பின், அதுல எது எதுக்குன்னு இதுல கையாலயே எழுதியிருக்கு. இப்ப அதுக்கு கெர்னல்லயே பொதுவா ஒரு ஏற்பாடு வந்தாச்சு. மீதியெல்லாம் கடையிலயே கிடைக்காத சிப்புக்கு எழுதினது. சும்மா குப்பை.”

குப்பை என்ற வார்த்தை ஃபராஸைச் சுட்டது. கீபோர்டை அவள் பக்கம் தள்ளினான். “செஞ்சு காட்டுங்க, பார்ப்போம்.”

தேவானை தயங்கவில்லை. விரல்கள் ஓடின. வரிகள் கொத்துக்கொத்தாக மறைந்தன. மாற்றியதை மேஜைமேல் இருந்த கருவிக்குள் ஏற்றிவிட்டு, “அழுத்துங்க மேடம்” என்றாள்.

ஸ்நேஹா டக் டக்கென்று அழுத்தினாள். திரையில் இரண்டு. இன்னும் வேகமாக அழுத்தினாள். அப்போதும் இரண்டு. பொம்மை கிடைத்த குழந்தைபோல அவள் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தாள். ஒன்றுகூடத் தவறவில்லை.

“போதும் ஸ்நேஹா, பட்டன் கழண்டுக்கப் போவுது” என்றான் ஃபராஸ். ஆனால் அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. தலையைச் சொறிந்துகொண்டான்.

“வேலை செய்யுது, ஒத்துக்கறேன். ஆனா இது யார் எழுதினது தெரியுமா? பேரை மறைச்சுத்தான் உங்களுக்குக் காட்டினேன். டி. முருகையன் சார்!”

“யாரு?”

“டி. முருகையன். நெட்ல பொதுவுல போட்டு வச்சிருக்காரு. இதைப் படிச்சுத்தான் நானே டிரைவர் எழுதக் கத்துக்கிட்டேன்.”

“அவரைப் பார்த்திருக்கீங்களா சார்?”

“எங்கே! மெயில் போட்டேன். பழைய ஆபீஸ் ஐடி போல, திரும்பி வந்துடுச்சு. ஜெர்மனியில செட்டிலாகியிருப்பாரு. வயசும் அறுபதைத் தாண்டியிருக்கும். அந்த நிதானம் ஒவ்வொரு வரியிலும் தெரியுதே!”

தேவானை உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஸ்நேஹா சிரித்தாள். “முருகையன் சார் மட்டும் இங்க வந்து நின்னா, ஃபராஸ் தன்னோட சேரையே தூக்கிக் கொடுத்துடுவான்.”

“பின்னே? கண்ணை மூடிக்கிட்டுக் கொடுப்பேன்” என்றான் ஃபராஸ். பிறகு தேவானையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “உங்களைக் குறை சொல்லலை. ஆனா அவர் எழுதினதை அவரையே கேக்காம வெட்ட எனக்கு மனசு வரலைங்க. யோசிச்சுட்டுச் சொல்றோமே.”

‘யோசிச்சுட்டுச் சொல்றோம்’ என்றால் என்ன அர்த்தம் என்று தேவானைக்குத் தெரியும். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டடி நடந்தவள் ஜன்னலோரம் நின்று கீழே எட்டிப் பார்த்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு வெளியே வந்துவிட்டது. இன்டர்வியூவுக்காக எடுத்துப் போட்டிருந்த பேச்சும் அதோடு கழன்று விழுந்தது.

“ஜெர்மனியெல்லாம் இல்ல சார். முருகையன் தோ, கீழ ஆட்டோவைத் தொடச்சிக்கினு நிக்கிறாரு பாருங்க. எங்க நைனா. அவருக்கு கம்ப்யூட்டரை ஆன் பண்ணக்கூடத் தெரியாது” என்றாள். “பழைய கம்பெனியில எம்பேரைச் சுருக்கி அவரு பேரை முழுசாப் போட்டுட்டாங்க. அந்த ‘டி’தான் சார், தேவானை!”