வெறுங்கையோடு வந்தவள்

அழைப்பு மணியை அழுத்தக் கூடாது என்று கார்குழலிக்குத் தெரியும். கதவைத் தட்டினாள்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்துவிட்டது. இனி நாளை இருட்டும்வரை இந்த வீட்டுக்கு ஓய்வுநாள், யாரும் எந்த சுவிட்சையும் தொட மாட்டார்கள். மணியும் மின்சாரம்தானே.

பதினொரு வருடம் பின்கதவு வழியாக வேலைக்கு வந்த வீடு. முன்கதவைத் தட்டுவது இதுதான் முதல்முறை.

முழங்கால் வலி தாங்காமல் போன மாதம்தான் வேலையை விட்டாள். இந்த வாரம் வீட்டுக்கார அம்மா மதாம் ரஷேல் போன் செய்தார்.

“வேலைக்கு இல்ல குழலி, விருந்துக்கு. எங்க ஆளுங்க எல்லாரும் வருவாங்க. நீயும் வந்து உக்காந்து சாப்புடு.”

எங்க ஆளுங்க என்றால் ஊர் முழுக்கத் தேடினாலும் ஒன்பது பேர். மதாமையும் அவர் கணவரையும் சேர்த்து ஒன்பது யூதர்கள்.

அன்று பிடித்தது கார்குழலிக்குக் கவலை. என்ன வாங்கிக்கொண்டு போவது?

அதிரசம் சுடலாம். ஆனால் அவள் வீட்டு அடுப்பில் செய்ததை அவர்கள் சாப்பிட மாட்டார்கள். பால்கோவா வாங்கலாம். இரவு கறிச்சாப்பாடு, கறியும் பாலும் ஒரே வேளையில் கூடாது. ஒயின் வாங்க இந்த ஊரில் கடைக்கா பஞ்சம்? அதுவும் அவர்கள் முறைப்படி செய்ததுதான் ஆகும். எவர்சில்வர் பாத்திரம் கொடுத்தால், அதை முறையாகத் தண்ணீரில் முக்கி எடுக்காமல் புழங்க மாட்டார்கள். மதாமுக்கு வேலை வைத்த மாதிரி ஆகிவிடும்.

“உன் வூட்டுல செஞ்சத சாப்புடாதவங்க வூட்டுக்கு நீ எதுக்குடி சாப்புடப் போற?” என்று கேட்டாள் மூலக்குளத்து நாத்தனார் அஞ்சலாட்சி.

கேட்டதில் தப்பில்லை. முதல் வருடம் கார்குழலிக்கே சுருக்கென்றுதான் இருந்தது. பிறகொரு நாள், மதாம் தன் சொந்தத் தங்கை பாரீசிலிருந்து கொண்டுவந்த கேக்கையே தொடாததைப் பார்த்தாள். மனசு ஆறிவிட்டது.

கடைசியில் பழம் என்று முடிவாயிற்று. வெட்டாத, சமைக்காத முழுப் பழத்துக்கு எந்தச் சட்டமும் குறுக்கே வராது. பெரிய மார்க்கெட்டில் கடைக்காரரின் பொறுமையைச் சோதித்து, ஒவ்வொன்றாக முகர்ந்து ஒரு டஜன் மாம்பழம் பொறுக்கினாள். பொழுது சாய்ந்தபின் கொண்டுபோனால் வாங்கிக்கொள்ள யோசிப்பார்கள் என்று மதியமே புருஷன் கண்ணையனிடம் கொடுத்தனுப்பினாள்.

இவ்வளவு யோசித்தவள் ஒன்றை யோசிக்கவில்லை. விருந்துக்கு வந்தவள் இப்போது வாசலில் ஒரு முழம் பூகூட இல்லாமல் கையை வீசிக்கொண்டு நிற்கிறாள்.

மதாம் கதவைத் திறந்தார். கட்டிக்கொண்டார். கூட்டிப்போய்த் தனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

கால் சமையலறைப் பக்கம் இழுத்தது. என்ன ஆனாலும் எழுந்திருக்கக் கூடாது என்று கார்குழலி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஒரு தட்டை எடுத்துவைக்க எழுந்தாலும் போதும், பழையபடி வேலைக்காரி ஆகிவிடுவாள். இந்த ஒன்பது பேர் நடுவில் ஒரே ஒரு நாள் விருந்தாளியாக இருந்துவிட வேண்டும். அவளுக்கு வேறு ஆசை இல்லை.

பாடினார்கள். ரொட்டி பிட்டார்கள். சூப் வந்த நேரத்தில் பட்டென்று ஒரு சத்தம். விசிறிகள் நின்றன.

பொழுது சாயுமுன்பே போட்டுவைத்த விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. விசிறி லைன் மட்டும் டிரிப் ஆகியிருந்தது. மே மாதம். ஜன்னலைத் திறந்தும் கடற்காற்று எட்டிப்பார்க்கவில்லை.

சுவரில் இருக்கும் பெட்டியைத் திறந்து சின்ன சுவிட்ச் ஒன்றைத் தூக்கிவிட்டால் போதும். யாரும் எழவில்லை. மதாமின் கணவர் முஸ்ஸே ஆல்பேருக்கு எண்பது வயசு. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக் கைக்குட்டையால் விசிறிக்கொண்டார். ஒருவரும் அந்தப் பெட்டியைப் பார்க்கவில்லை, கார்குழலியையும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர்கள் பட்ட பாடு அவளுக்குப் புரிந்தது.

முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, மறந்துபோன குடையை எடுக்க வந்தவள், மதாம் இருட்டில் இருக்கிறாரே என்று ஹால் விளக்கைப் போட்டுவிட்டுப் போனாள். அந்த வெளிச்சத்தில் உட்காராமல் மதாம் தூங்கப் போகும்வரை பால்கனியிலேயே இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்தவரைப் போடச் சொல்லவும் கூடாது, அவர் இவர்களுக்காகப் போட்ட விளக்கும் ஆகாது. அவர் தனக்கென்று போட்டுக்கொண்டால் இவர்களும் கூட இருக்கலாம்.

இப்போது இவர்களுக்காக எழுந்தால், சுற்றுகிற விசிறியும் வீண், அவளும் வேலைக்காரி. எழாவிட்டால் கிழவருக்கு மூச்சு முட்டும்.

முஸ்ஸேயின் நெற்றியிலிருந்து வேர்வை சூப் கிண்ணத்தில் சொட்டியது.

வேலைக்காரிக்குப் புழுங்கினால் முந்தானையால் துடைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். வாய்விட்டுச் சொல்ல விருந்தாளியால்தான் முடியும்.

“எனக்கு ரொம்பப் புழுங்குது மதாம்,” என்றாள் கார்குழலி, வீட்டுக்காரியைக் குறை சொல்கிற குரலில். “காத்து இல்லாம என்னால ஒரு வாய் சாப்புட முடியாது. நான் எனக்குப் போட்டுக்கறேன்.”

எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து சுவிட்சைத் தூக்கினாள். விசிறிகள் சுற்றத் தொடங்கின. முஸ்ஸே கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். யாரோ நிம்மதியாகச் சிரித்தார்கள்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் மதாம் அவள் கையைப் பிடித்தார்.

கார்குழலியின் கை துளி வேர்வையில்லாமல் சில்லிட்டிருந்தது. அந்த மேசை முன்னால் வந்து உட்கார்ந்த நிமிடத்திலிருந்தே, பயத்தில், அது அப்படித்தான் இருந்தது.

மதாம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்தக் கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துச் சூடேற்றிக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“பாவம், என் விருந்தாளிக்கு எப்படி வேர்த்திருக்கு பாருங்க.”