அறுபதாம் நாள் கைநாட்டு

ஸ்டாம்ப் பேடு திறந்தே கிடந்தது. மாசாணம் விரலைத் தருகிறவனாக இல்லை.

இடது கைப் பெருவிரலை உள்ளே மடக்கி, மற்ற நாலு விரலாலும் இறுக்கி மூடியிருந்தான்.

ஜெயில் ஆபீஸ் கடிகாரத்தில் மணி நாலே முக்கால். ஐந்துக்கு அதிகாரி கிளம்பிவிடுவார். தண்டனை கொடுத்து இன்றோடு அறுபது நாள். ஹைகோர்ட்டுக்குப் போகவேண்டிய அப்பீல் மனு இன்றைக்குள் அவர் கையில் சேர்ந்தாக வேண்டும்.

பிந்தினாலும் மனு போடலாம்தான். ஏன் பிந்தியது என்று சொல்வதை ஒரு நீதிபதி நம்ப வேண்டும். மாசாணத்தை நம்புகிற நீதிபதி இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

மனு எழுதித் தரும் ரைட்டரும் ஒரு கைதிதான். அவருக்கு எரிச்சலும் பயமும் சேர்ந்தே வந்தன.

"வெரல உருட்டுப்பா. உருட்டுனா வீட்டுக்குப் போகலாம்."

மாசாணம் நிமிர்ந்து பார்த்தான்.

"ஸ்டேஷன்லயும் இதத்தான் சொன்னாவ."

அன்றைக்கு வைத்தது ஒரே ஒரு கைநாட்டு. ரத்தக்கறை அரிவாளை எடுத்துக் கொடுத்தது இவன்தான் என்று அதற்கு மேலே எழுதிக்கொண்டார்கள். ஆயுள் தண்டனை.

"உள்ள வாரதுக்கு முன்னால நீங்க என்ன வேல பாத்தீய?"

வாத்தியார் என்று ரைட்டர் பொய் சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும்.

"போலீஸ் ஸ்டேஷன்ல ரைட்டர். ஒன்ன மாதிரி ஆளுவ வெரலப் பிடிச்சு உருட்டுனவன்தான்."

எழுந்து போய்விடுவான் என்று நினைத்தார். போகவில்லை.

"அப்ப எப்படி ஏமாத்துவாவன்னு ஒங்களுக்குத் தெரியும். இதுல அது எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

நாலு ஐம்பத்து மூன்று.

ரைட்டர் தாளைத் தன் பக்கம் திருப்பினார். தான் எழுதியதைத் தானே முதல் வரியிலிருந்து படித்தார். பெயர் சரி. வழக்கு எண் சரி. குற்றம் செய்யவில்லை என்ற வரி, அதுவும் சரி.

கடைசி வரிக்கும் கைநாட்டு வைக்கும் இடத்துக்கும் நடுவே நாலு விரல் அகலத்துக்கு வெற்றுத்தாள்.

வேண்டியதைப் பிறகு எழுதிக்கொள்ள ஸ்டேஷனில் விடுகிற இடம் அது. யாரும் விடச் சொல்லவில்லை. கை தன்பாட்டுக்கு விட்டிருக்கிறது.



பேனாவை எடுத்தார். மூலைக்கு மூலை ஒரு கோடு. இன்னொரு கோடு. ஓர் எழுத்து நுழைய இடமில்லாதபடி அடித்துக்கொண்டே போனார்.

உள்ளறையில் அதிகாரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும் சத்தம் கேட்டது.

தாளை மாசாணத்தின் முன்னால் வைத்தார். அவன் விரலைப் பிடிக்க அவர் கை நீண்டது.

இழுத்துக்கொண்டார்.

இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.