ரைட்டு யார் வீட்டு நாய்?

செல்லப் பிராணி இறந்தால் சொந்தக்காரருக்கு மூன்று நாள் துக்க விடுப்பு. சொந்தக்காரர் யாரென்று துக்கமானிதான் சொல்லும். அதை எடுத்துக்கொண்டு பஸ் டெப்போவுக்கு வந்த மனநல ஆலோசகர் நிலோஃபருக்குத் தலை சுற்றியது. செத்தது ‘ரைட்டு’ என்ற ஒரே நாய். வந்திருந்த மனுக்களோ முப்பத்தொன்று!

ஒவ்வொரு மணிக்கட்டிலும் கட்டிப் பார்த்தாள். முப்பத்தொரு தடவையும் ‘சொந்தக்காரர்’ என்ற சிவப்பு விளக்குதான் எரிந்தது.

“மெஷின் சரிதான் மேடம். நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே என்னைக் கடிச்சவன் அவன்!” டிரைவர் மாசிலாமணி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார்.

நிலோஃபர் துள்ளி எழுந்தாள். கருவியை ஓரமாக வைத்துவிட்டு நாற்காலிகளை வெளியே வட்டமாக இழுத்துப் போட்டாள்.

“எல்லாரும் வாங்க! வேற யார் யாரைக் கடிச்சிருக்கான்?”

முப்பத்தொரு காக்கி பேண்ட்டுகளும் ஒரே நேரத்தில் முழங்காலுக்கு ஏறின.