விதைக்கு வந்தவர்

“விதைன்னு கேட்டு வாசலுக்கு வந்துட்டாக. வெறுங்கையோட அனுப்பினா நம்ம வெள்ளாமை விளங்குமா?” என்றாள் சந்தனம்மாள்.

“மெல்லப் பேசு. வேப்பமரத்தடிக்குக் கேட்டுரும்” என்றான் இருளப்பசாமி.

வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தவர் பெயர் கந்தவனம். இலங்கையில் கிளிநொச்சிப் பக்கத்து விவசாயி. மானாவாரியில் மிளகாய் போடும் விதத்தைப் பார்த்துவர, இரண்டு நாட்டு அரசாங்கமும் பேசிவைத்து ஒரு கூட்டத்தைக் கப்பலில் அனுப்பியிருந்தது. கூட்டம் அருப்புக்கோட்டையில் தங்கியிருக்க, இவர் மட்டும் அதிகாரியிடம் சொல்லிக்கொண்டு, பஸ் ஏறி, ‘பால்சாமி வீடு எது?’ என்று விசாரித்து வந்துவிட்டார்.

பால்சாமி, இருளப்பசாமியின் தகப்பனார். கண்ணை மூடிப் பல வருஷமாகிறது. அவர் பெயர் கடல் தாண்டிப் போயிருக்கிறதே என்று இருளப்பசாமிக்கு முதலில் நெஞ்சு நிமிர்ந்துதான் போயிற்று.

“எங்க ஐயா எங்கெங்கேயோ அலைஞ்சு தேடிக் கொண்டாந்த விதை அண்ணாச்சி. இந்தத் திருச்சுழிப் பக்கத்துல வேற யாருகிட்டயும் கிடையாது. மழை ஏமாத்தினாலும் இது ஏமாத்தாது” என்று பீற்றிக்கொண்டான்.

கந்தவனம் சிரித்தார். “தெரியும் தம்பி. அதுதான் தேடி வந்தனான். எங்கட பக்கம் நோய் வந்து எல்லாம் அழிஞ்சு போச்சுது. ஒரு பிடி தந்தால் போதும்.”

அங்கேதான் இருளப்பசாமிக்குச் சுருக்கென்றது. கொழும்புக்கு லோடு போனால்தான் இந்தக் கரிசல் காட்டு மிளகாய் வத்தலுக்கு விலை. இனி இலங்கைக்காரர்களே விளைவித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று கமிஷன் கடையில் ஏற்கெனவே பேச்சு அடிபட்டது. அதற்கு இவன் வீட்டு விதையே போகவேண்டுமா?

“விதையையும் குடுத்துட்டு நாளைக்கு வத்தலை யாருகிட்டப் போயி விக்கிறது? நீயும் நானும் அரைச்சுக் குடிக்கவா?” என்றான் மனைவியிடம்.

“கடலைத் தாண்டி வந்த மனுசன் கேக்குறது ஒரு பிடி. அதுக்குப் போயி இம்புட்டு ரோசனையா?”

“சரி, குடுக்கேன். நீ போயி ஒரு குடம் நல்ல தண்ணி எடுத்தா.”

அவள் தலை மறைந்ததும் விதைப் பானையிலிருந்து ஒரு பிடி வத்தலை அள்ளினான். அடுப்பில் சட்டி காய்ந்துகொண்டிருந்தது. அதில் போட்டு, நிறம் மாறுவதற்குள் புரட்டி இறக்கினான். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. உள்ளே விதைக்கு உயிர் இருக்காது.

நெடிக்கு மட்டும் ஒளியத் தெரியவில்லை. தொண்டையைக் கமறியது. வெளியே கந்தவனமும் இருமினார்.

“குழம்புக்கு வறுக்கேன் அண்ணாச்சி.”

“வறுங்கோ தம்பி, வறுங்கோ.”

பொட்டலத்தை நீட்டியபோது அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இருளப்பசாமி தரையைப் பார்த்தான். தண்ணீரோடு வந்த சந்தனம்மாள், “அவுக முகத்தைப் பாத்தீகளா? குளுந்து போச்சு” என்று சொன்னது வேறு முள்ளாய்த் தைத்தது.

பஸ் ஏற்றிவிட ரோட்டு விலக்கு வரைக்கும் கூட நடந்தான். புளிய மரத்தடியில் நின்றதும் கந்தவனம் பொட்டலத்தை எடுத்து அவன் கையில் வைத்தார்.

“குறை நினைக்கக் கூடாது தம்பி. குழம்புக்கு வறுத்தது மாறி வந்திட்டுது போல. அவசரத்தில அப்பிடி நடக்கிறதுதான். வீட்டில தேடப் போயினம்.”

அவர் முகத்தில் குத்தல் இல்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட இருளப்பசாமி தாங்கியிருப்பான். ஏமாற்றியவன் கையில் தாமே ஒரு சாக்கையும் கொடுத்து, தலை குனியாமல் போ என்கிறாரே.

“மாறித்தான் போச்சு அண்ணாச்சி. இந்தா வாரேன்” என்று வீட்டுக்கு ஓடினான். விதைப் பானையைத் துண்டில் கவிழ்த்தான்.

“ஏங்க, நமக்கு?” என்றாள் சந்தனம்மாள்.

“நமக்கு வேண்டாம். நான் வச்சிருக்க லாயக்கில்ல.”

அவன் மூச்சிரைக்க வந்தபோது பஸ் நின்றுகொண்டிருந்தது. கந்தவனம் படியில் ஒரு காலை வைத்து அதை நிறுத்தியிருந்தார்.

“அத்தனையும் எடுத்துக்கங்க அண்ணாச்சி. அது மாறி வரல. நான்தான்…”

“விடுங்கோ தம்பி.”

அவர் படியிலேயே உட்கார்ந்து, தம் சால்வையை விரித்து, வத்தலைக் கையால் அளைந்து சரிபாதியாகப் பிரிக்கத் தொடங்கினார்.

“பெரியவரே, ஏறுறீகளா, இங்கனயே வெள்ளாமை பண்ணப் போறீகளா?” என்றார் கண்டக்டர்.

பஸ்ஸுக்குள் சிரிப்பு எழுந்தது. கந்தவனமும் சிரித்தபடியே ஒரு பாதியைச் சால்வையில் முடிந்துகொண்டு, மறு பாதியை இருளப்பசாமியின் துண்டிலேயே கட்டி நீட்டினார்.

“எனக்கு எதுக்கு அண்ணாச்சி? எல்லாம் உங்களுக்குத்தான்.”

“இல்லைத் தம்பி, பாதிதான் முறை” என்று ஏறி உட்கார்ந்த கந்தவனம், பஸ் நகரும்போது ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

“பஞ்சத்துக்குப் பிழைக்க வந்து எங்கட தோட்டத்தில தண்ணி இறைச்ச உங்கட ஐயா, ஊருக்கு வெளிக்கிட்ட நாளில எங்கட அப்பாவும் இப்பிடித்தான், வீட்டில இருந்த விதையைப் பாதியாப் பிரிச்சு அவரின்ர மடியில கட்டிவிட்டவர்.”