புட்டியின் நிறம்

ஆஸ்பத்திரியின் கீழ்த்தள ஆய்வகத்தில், அவள் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

மஞ்சள்.

நேற்றுவரை ரோஸ் நிறத்தில் இருந்த திரவம். இன்று மஞ்சளாகி, அரிசி களைந்த தண்ணீர்போல் கலங்கிக் கிடந்தது.

உள்ளே கிருமி புகுந்துவிட்டது. இனி இது குப்பைக்குத்தான்.

நான்காம் மாடியில் படுத்திருக்கும் பூவலிங்கத்தின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்கள். இருபது நாளாக வளர்கின்றன. நிமோனியா அவருடைய நுரையீரலை ஒரு வழி பண்ணியிருந்தது. நாளை மறுநாள் இவற்றை உடம்பில் ஏற்றினால் தேறலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தேறலாம். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்னொரு முறை ஊசி குத்தி எடுக்க அந்த உடம்பு தாங்காது. இன்னொரு இருபது நாளையும் தாங்காது.

செல்களுக்கு லீவு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை, பொங்கல், அவளுடைய காய்ச்சல், எதுவும் அவற்றுக்கு ஒரு பொருட்டில்லை. இரண்டு நாளுக்கு ஒரு முறை பழைய திரவத்தை எடுத்துவிட்டுப் புதிது ஊற்றியாக வேண்டும். பெற்ற பிள்ளைக்குக்கூட அவள் இப்படி நேரம் தவறாமல் சோறு போட்டதில்லை.

முந்தாநாள் ஊற்றும்போது கண் சொருகியது. கிருமி போகக் கையுறையில் ஸ்பிரிட் அடித்தாளா?

அடித்த ஞாபகம் இருந்தது. அது எந்த நாளின் ஞாபகம் என்றுதான் தெரியவில்லை.

அழுகைகூட வரவில்லை. அப்படி ஓர் அசதி.

கண்ணாடிக்கு அப்பால் நிழலாடியது. செண்பகவடிவு, பூவலிங்கத்தின் மனைவி. காலையில் இட்லி வாங்கக் கீழே வரும்போதெல்லாம் கண்ணாடி வழியாகப் புட்டியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போவாள். 'அது சாமி இல்லம்மா' என்று இவளும் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

புட்டியை மறைக்க இவளுக்குக் கை எழவில்லை. வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"மஞ்சளா மாறிருச்சே தாயி!" செண்பகவடிவின் முகம் மலர்ந்திருந்தது. "நேத்துதான் அம்மனுக்கு மஞ்சத்துணி முடிஞ்சு வச்சேன். பாத்தீகளா, அவளே வந்து எறங்கிட்டா!"

கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இவள் வாயைத் திறந்தாள்.

"இருங்க, மொதல்ல அவுககிட்டச் சொல்லிட்டு வாரேன்."

செண்பகவடிவு இட்லியை மறந்து லிஃப்டுக்கு ஓடினாள்.

இவள் டாக்டருக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

"அவங்களுக்குச் சொல்லணுமேம்மா."

"நானே போய்ச் சொல்றேன் சார்."

லிஃப்ட் இறங்கி வந்து, கதவு திறந்தபடி நின்றது.

இவள் அதைத் தாண்டிப் படிக்கட்டுக்குப் போனாள். நான்கு மாடி. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, எவ்வளவு மெதுவாக ஏற முடியுமோ அவ்வளவு மெதுவாக ஏறினாள்.